ரயில் வரும் பின்னே. மனை விலை வரும் முன்னே!

அனுப்பர்பாளையம் இப்போதே கேட்க வேண்டிய கேள்வி

(நமது நிருபர்)

திருப்பூர் என்றால் பனியன். அனுப்பர்பாளையம் என்றால் பாத்திரம். கொங்கு நாட்டில் இதை அறியாதவர் இல்லை.

திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து அவிநாசி சாலையில் நாலைந்து கிலோமீட்டர் போனால் அனுப்பர்பாளையம் வந்துவிடும். பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று பலவகைப் பாத்திரங்கள் செய்யும் பட்டறைகள் நிறைந்த ஊர் இது. அண்டாவும் குடமும் தட்டுகிற ஓசைதான் ஊருக்கு அடையாளம். சுற்றிலும் பனியன் கம்பெனிகள். இரண்டு தொழிலும் அக்கம்பக்கமாக நடக்கின்றன. பட்டறையில் வேலை செய்பவரின் மகள் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். ஒரே வீட்டில் இரண்டு தொழில் சம்பளமும் வருகிறது.

இந்தப் பகுதிக்கு ஒரு புதிய ரயில் வரலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது.

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் தமிழக அரசு தனது வரவு செலவுத் திட்டத்தில் ஓர் அறிவிப்புச் செய்தது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய ரயிலை மூன்று மார்க்கங்களில் விட முடியுமா என்று ஆராயப்படும் என்பதே அந்த அறிவிப்பு. மூன்றில் ஒன்று கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் மார்க்கம். நீளம் 185 கிலோமீட்டர். இதே மாதிரியான ரயில் டில்லிக்கும் மீரட்டுக்கும் இடையே அமைக்கப்பட்டு, அதன் முதல் பகுதி 2023-ம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது.

ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். 2025-ல் அறிவிக்கப்பட்டது ஆராய்ச்சிதான், ரயில் அல்ல. ஆனால் யானை வரும் பின்னே, மணி ஓசை வரும் முன்னே என்பார்கள். ரயில் விஷயத்தில் முன்னே வருவது மணி ஓசை அல்ல, மனை விலை!

ரயில் வந்தால் ஊர் வளரும். இதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஊரில் இப்போது இருப்பவர்கள் வளர்வார்களா? அல்லது அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர் தேட வேண்டியதுதானா? கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதற்கு விடை சொல்லச் சென்னை நகரம் இருக்கிறது. அங்கே இந்தக் கதை இரண்டு தடவை நடந்திருக்கிறது. ஒரு தடவை நன்றாக நடந்தது. மற்றொரு தடவை அவ்வளவு நன்றாக நடக்கவில்லை.

இரண்டு வகை ரயில்

முதலில் ஒரு சிறு விளக்கம்.

திருப்பூருக்கு ரயில் புதிதல்ல. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் இருப்புப்பாதை 1860-களின் தொடக்கத்திலேயே இந்த வழியாகப் போடப்பட்டுவிட்டது. பருத்தி மூட்டை ஏற்ற அது உதவியது. பிற்காலத்தில் பனியன் பெட்டிகள் ஏற்றவும் உதவியது. திருப்பூர் வியாபார நகரமானதற்கு அந்த ரயில் ஒரு முக்கிய காரணம்.

ஆனால் அது ஊர் விட்டு ஊர் போகிற ரயில். காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிறவனுக்கு வேண்டியது வேறு வகை. அதற்கு மூன்று குணங்கள் வேண்டும்.

அடிக்கடி வர வேண்டும். ஒன்றைத் தவற விட்டால் பத்து நிமிஷத்தில் அடுத்தது வர வேண்டும்.

பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் வேண்டும்.

கட்டணம் கூலிக்காரனுக்குக் கட்டுப்படியாக வேண்டும்.

இதனால்தான் இப்படிப்பட்ட ரயில்களுக்கு மின்சாரம் வந்தது. நீராவி எஞ்சின் நின்று கிளம்புவதற்குள் நேரம் போய்விடும். கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டும். மின்சார ரயிலிலோ மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. ஓட்டுநர் அறை இரண்டு முனையிலும் இருக்கிறது. போன ரயில் அப்படியே திரும்பி வரும். சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும்.

தாம்பரம் வளர்ந்த கதை

சென்னையில் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கிலோமீட்டர். இந்தப் பாதையில் மின்சார ரயில் விட அந்நாளைய தென்னிந்திய ரயில்வே கம்பெனி முடிவு செய்தது. 1931-ம் ஆண்டு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பம்பாய்க்கு அடுத்தபடியாக இந்தியாவில் மின்சார ரயில் கண்ட நகரம் சென்னைதான். பம்பாயில் அது 1925-லேயே வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் சைதாப்பேட்டைக்குத் தெற்கே என்ன இருந்தது? ஏரிகள், வயல்கள், நடுநடுவே கிராமங்கள். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ராணுவத்தார் இருந்தார்கள். அங்கிருந்து நகரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்வருவது பெரும்பாடு.

ரயில் வந்தது. நிலைமை மாறியது. நகரத்துக்குள் வாடகை கொடுக்க முடியாத குமாஸ்தா பழவந்தாங்கலில் இறங்கி நங்கநல்லூரில் மனை வாங்கலாம் என்ற காலம் பின்னர் வந்தது. தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில் குடியிருப்புகள் பெருகின. 1937-ம் ஆண்டு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கே குடிபோனது. 1958-ம் ஆண்டு கிண்டியில் தொழிற்பேட்டை வந்தது. தொழிலாளர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள்.

ஒரு காலத்தில் கிராமமாக இருந்த தாம்பரம் 2021-ம் ஆண்டு மாநகராட்சி ஆகிவிட்டது!

இந்தப் பாதை ஏன் சாதாரணக் குடும்பங்களுக்கு உதவியது? காரணங்கள் எளியவை. அப்போது மனை மலிவு. நிலம் ஏராளம். ஸ்டேஷன் தரையில் இருந்தது. தெருவிலிருந்து நாலு எட்டு வைத்தால் ரயில். சீசன் டிக்கெட் மலிவு. ரயிலும் அடிக்கடி வந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தப் பாதையில் உள்ள மாம்பலம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே 1920-களில் ஒரு புதிய நகரையே திட்டமிட்டுக் கட்டினார்கள். ஏரியாக இருந்த இடத்தில் தெருக்களையும் பூங்காவையும் முதலில் வரைந்தார்கள். பிறகு வீடுகள் வந்தன. நீதிக் கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரின் பெயரால் தியாகராய நகர் என்று அழைக்கப்பட்டது. பனகல் பூங்காவைச் சுற்றிச் சாலைகள் கிளம்பும் அழகை இன்றும் காணலாம். முதலில் திட்டம், பிறகு வீடு என்ற வரிசை அங்கே பின்பற்றப்பட்டது. ஏரியைத் தூர்த்தது இன்றைய அறிவுக்குச் சரியாகப் படாது. ஆனால் அந்த வரிசை சரி.

வேளச்சேரி சொல்லும் பாடம்

இனி இரண்டாவது கதை.

சென்னைக் கடற்கரையிலிருந்து இன்னொரு பாதை போடப்பட்டது. அதுதான் பறக்கும் ரயில். பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களின் மேலே போகிறது. 1995-ல் சேப்பாக்கம் வரையும், 1997-ல் மயிலாப்பூர் வரையும், 2007-ல் வேளச்சேரி வரையும் வந்தது. மொத்தம் சுமார் 19 கிலோமீட்டர்.

ஸ்டேஷன்கள் மிகப் பெரியவை. மேல்மாடி, கீழ்மாடி என்று மாளிகை போலக் கட்டினார்கள். ஆனால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை என்ற குறை நெடுங்காலம் இருந்தது. பல ஸ்டேஷன்களின் வாசலுக்கு பஸ் வராது. இருட்டிய பிறகு பெண்கள் தனியே போக அஞ்சினார்கள். உள்ளே கடை வைக்க விட்ட இடங்கள் பல காலியாகக் கிடந்தன. ரயில் ஓடியது, ஆனால் ரயிலுக்கு வருகிற வழி சரியாக இல்லை.

வேளச்சேரியில் வேறு ஒன்று நடந்தது. பக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகிய காலம் அது. 2000-ம் ஆண்டு தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ரயிலும் வரப் போகிறது என்றதும் வேளச்சேரியில் மனை விலை ஏறியது. ஏரியும் சதுப்பு நிலமும் சூழ்ந்த ஊரில் அடுக்கு மாடி வீடுகள் எழுந்தன. 2015-ம் ஆண்டு டிசம்பரில் பெருமழை பெய்தது. தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. லட்சக் கணக்கில் கொடுத்து வாங்கிய வீட்டிலிருந்து ஜனங்களைப் படகில் ஏற்றிக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இரண்டு பாதையும் ஒரே நகரத்தில்தான் உள்ளன. பலன் ஏன் மாறியது? முதல் பாதை வந்தபோது நிலம் மலிவாக இருந்தது. ஏழைக்கும் இடம் கிடைத்தது. இரண்டாவது பாதை வந்தபோது விலை முந்திக்கொண்டது. பாதையைப் போட்டவர்கள் ஸ்டேஷனுக்கு வெளியே என்ன நடக்கும் என்று போதிய அளவு யோசிக்கவில்லை.

ஜப்பானில் ஒரு கெட்டிக்காரர்

ஸ்டேஷனுக்கு வெளியே நடப்பதை முன்கூட்டி யோசித்த ஒருவர் ஜப்பானில் இருந்தார். அவர் பெயர் கோபயாஷி இச்சிஸோ. ஒசாகா நகரத்திலிருந்து கிராமங்களுக்குப் போகும் ஒரு சிறு மின்சார ரயிலை அவர் 1910-ல் ஓட்டினார்.

வயற்காட்டுக்கு ரயில் விட்டால் யார் ஏறுவார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். கோபயாஷி என்ன செய்தார் தெரியுமா? பாதை ஓரத்து நிலத்தை விலை குறைவாக இருந்தபோதே கம்பெனிக்கு வாங்கிப் போட்டார். இக்கேடா என்ற ஊரில் வீடுகள் கட்டினார். மாதச் சம்பளக்காரர்களுக்குத் தவணை முறையில் விற்றார். வீடு வாங்கியவர்கள் எல்லோரும் அவருடைய ரயிலில் ஏறி வேலைக்குப் போனார்கள்! பாதையின் மறு கோடியில் பொழுதுபோக்குக்கு நாடகக் குழுவும் வைத்தார். விடுமுறை நாளிலும் ரயில் நிரம்பியது.

இதில் சூட்சுமம் என்ன? ரயிலால் நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றம் யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. தரகர் முந்தினால் தரகருக்குப் போகும். ரயில் போடுகிறவர் முந்தினால் அது ரயில் செலவுக்கே திரும்பி வரும். வீடும் தவணையில் கிடைக்கும். ஹாங்காங் நகரத்திலும் ஸ்டேஷனுக்கு மேலேயும் பக்கத்திலும் கட்டடம் கட்டும் உரிமையை ரயில் நிறுவனத்துக்கே கொடுத்தார்கள். அந்த வருமானம் பாதை போடும் செலவுக்கு உதவியது.

அனுப்பர்பாளையத்தில் என்ன ஆகும்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். மூன்று குடும்பங்களை எண்ணிப் பாருங்கள்.

முதல் குடும்பத்துக்குச் சொந்தமாக ஐந்து சென்ட் இடம் இருக்கிறது. ரயில் வந்தால் விலை ஏறும். விற்றாலும் லாபம், வைத்திருந்தாலும் லாபம்.

இரண்டாவது குடும்பம் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறது. தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பனியன் வேலைக்கு வந்தவர்கள். மனை விலை ஏறினால் லைன் வீட்டை இடித்து மாடி வீடு கட்டுவார்கள். வாடகை இரட்டிப்பானால் இவர்கள் ஊருக்கு வெளியே போக வேண்டும். ரயிலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ரயிலை விட்டுத் தூரம் போய்விடுவார்கள். ரயில் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது எட்டாது!

மூன்றாவது குடும்பம் வாடகைக் கட்டடத்தில் சிறு பாத்திரப் பட்டறை வைத்திருக்கிறது. பட்டறை என்றால் சத்தம் உண்டு, நெருப்பு உண்டு, புகை உண்டு. பக்கத்தில் அடுக்கு மாடி வீடு வந்தால் புதிதாகக் குடிவந்தவர்கள் சத்தத்தைப் பொறுப்பார்களா? மனு போடுவார்கள். கட்டடக்காரரும் பட்டறையைக் காலி செய்யச் சொல்லி நல்ல வாடகைக்கு விடுவார். தலைமுறை தலைமுறையாக வந்த தொழில் ஊரை விட்டே போகும்.

இந்த இரண்டாவது, மூன்றாவது குடும்பங்களுக்காகத்தான் இப்போதே பேச வேண்டும். ஸ்டேஷன் எங்கே என்று முடிவான பிறகு பேசிப் பயன் இல்லை.

என்ன கேட்க வேண்டும்?

ஒன்று: வேக ரயில் வேறு, தினசரி ரயில் வேறு. வேக ரயில் எல்லா ஊரிலும் நிற்காது. நின்றால் அதன் வேகம் போய்விடும். கட்டணமும் சாதாரண ரயிலைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆகவே வேக ரயில் வருகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூர் - ஈரோடு பாதை இரட்டைப் பாதை, மின்சாரமும் வந்துவிட்டது. சோமனூர், வஞ்சிபாளையம், ஊத்துக்குளி, விஜயமங்கலம் ஆகிய ஸ்டேஷன்கள் அதில் இருக்கின்றன. காலையிலும் மாலையிலும் ஷிப்டு நேரத்துக்கு ஒத்தபடி இன்னும் சில சாதாரண ரயில்களைக் கேட்கலாம். விசைத்தறி ஊரும் பனியன் ஊரும் குறைந்த செலவில் இணையும். ஊத்துக்குளியில் சொந்த வீட்டில் இருந்துகொண்டே திருப்பூருக்கு வேலைக்கு வரலாம். திருப்பூரில் வாடகை நெருக்கடியும் குறையும்.

இரண்டு: ஸ்டேஷன் எங்கே வந்தாலும் அதன் வாசலுக்கு டவுன் பஸ் வர வேண்டும். நடைபாதை வேண்டும். விளக்கு வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் அச்சமின்றி நடந்து போக வேண்டும். பறக்கும் ரயில் கற்பித்த பாடம் இது.

மூன்று: ஸ்டேஷனைச் சுற்றியுள்ள நிலத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர் வாடகை வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும். வீட்டு வசதி வாரியமும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமும் விலை ஏறுவதற்கு முன்பே இடத்தை வாங்கிப் போட வேண்டும். கோபயாஷி செய்ததை ஓர் அரசு செய்ய முடியாதா?

நான்கு: பாத்திரப் பட்டறைகளுக்கு என்று ஓர் இடத்தைத் திட்டத்திலேயே குறித்துவிட வேண்டும். பின்னால் யாரும் வந்து 'சத்தம்' என்று சொல்ல முடியாதபடி அது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஐந்து: நீர் ஓடும் இடத்தைத் தொடக் கூடாது. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாடு திருப்பூருக்குத் தெரியும். 2011-ம் ஆண்டு சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடுகிற அளவுக்கு நிலைமை முற்றியது. ஆற்றையும் குளத்தையும் பள்ளத்தையும் மனையாக்கினால் வேளச்சேரியின் வெள்ளம் இங்கும் வரும்.

மனை வாங்குவோர் கவனத்துக்கு

'ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிஷம்' என்று பலகை வைத்து மனை விற்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. பாதை எந்தச் சர்வே எண் வழியாகப் போகும் என்று அரசு முறைப்படி அறிவிக்கும் வரை அந்தப் பலகைக்கு மதிப்பு இல்லை. அந்த மனையே பாதைக்குப் போய்விடவும் கூடும்!

மனை வாங்கு முன் மூலப் பத்திரத்தைப் பாருங்கள். வில்லங்கச் சான்று வாங்குங்கள். மனைப்பிரிவுக்கு நகர ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் உண்டா, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு உண்டா என்று கேளுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். அதில் வெட்கம் இல்லை.

சொந்த இடம் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். முத்திரைத்தாள் செலவை மிச்சப்படுத்த விலையைக் குறைத்து எழுதிப் பத்திரம் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அரசு நிலம் எடுக்கும்போது பதிவான விலைகளையும் அரசின் வழிகாட்டி மதிப்பையும் வைத்துத்தான் இழப்பீடு கணக்கிடப்படுகிறது. ஊரே குறைத்து எழுதினால் ஊருக்கே இழப்பீடு குறையும். அன்று ஆயிரத்தை மிச்சம் பிடித்தவர் பின்னால் லட்சத்தை இழப்பார்.

ஊர் வளரட்டும், ஊராரும் வளரட்டும்

ரயில் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இருப்புப்பாதை இல்லாவிட்டால் திருப்பூர் இன்றுள்ள திருப்பூராக ஆகியிருக்காது. அடுத்த பாதையும் வரத்தான் வேண்டும்.

ஆனால் தாம்பரத்தில் நிலம் மலிவாகக் கிடந்ததால் தானாக நடந்த நன்மை, இன்று தானாக நடக்காது. திட்டமிட்டால்தான் நடக்கும். அனுப்பர்பாளையத்தின் வார்டு கூட்டத்திலும், தொழிற்சங்கத்திலும், பாத்திர உற்பத்தியாளர் கூட்டத்திலும் இது பேசப்பட வேண்டும். ஆராய்ச்சி நடத்துகிறவர்கள் கருத்துக் கேட்க வந்தால், மனை வைத்திருப்பவர் மட்டும் அல்ல, வாடகைக்கு இருப்பவரும் போய்ப் பேச வேண்டும்.

ஒரு நாள் அந்த ரயில் வரட்டும். மாலையில் அதிலிருந்து இறங்குகிற கூட்டத்தில் பட்டறைத் தொழிலாளியும் இருக்க வேண்டும். பனியன் கம்பெனிப் பெண்ணும் இருக்க வேண்டும். இறங்கியவர்கள் வேறு ஊருக்குப் பஸ் தேடி ஓடாமல், அனுப்பர்பாளையத்திலேயே தங்கள் வீட்டுக்கு நடந்து போக வேண்டும்.